சோலார் மோட்டார் போடுறீங்களா? டிசி பெட்டியைத் திறந்து பார்க்காம பணம் கொடுக்காதீங்க

72,000 ரூபாய் போச்சு. மன்னார்குடி பக்கம் எங்கள் போர்செட்டுக்கு 5 எச்பி சோலார் போட்டுக் கொடுத்த கடையால் வந்த வினை. பெயர் போடவில்லை, டவுனில் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை, அவ்வளவுதான்.

கடைக்காரர் நேரிலேயே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "மாமா, என் சொந்த வயலுக்குப் போடுற மாதிரி போட்டுத் தர்றேன், எல்லாம் கம்பெனி சாமான்" என்றார். அப்பா லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. அவரே உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். வேலை முடிந்து கிளம்பும்போது, "மோட்டாரை நிறுத்தணுமா, இந்த எம்சிபியை இறக்கிவிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எம்சிபி என்றால் கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற ஸ்விட்ச்.

போன வாரம் உச்சி வெயிலில், மோட்டார் ஓடும்போது அப்பா அதை இறக்கியிருக்கிறார். பேனல் கம்பி வந்து சேருகிற டிசி பெட்டிக்குள் சர்ரென்று நீல வெளிச்சம், நிற்கவே இல்லை. பெட்டி உருகி, மேலே மாட்டியிருந்த டிரைவும் (பேனல் கரண்டில் மோட்டாரை ஓட்டுகிற கருவி) பற்றிக்கொண்டது. கீற்றுக் கொட்டகை, அப்பா உள்ளே நிற்கிறார், நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆறிய பிறகு பிரித்துப் பார்த்தேன். கரிந்த எம்சிபியில் ஒரு மூலையில் எழுத்து மிச்சமிருந்தது: 400 வோல்ட், பக்கத்தில் ஒரு அலைக்கோடு. அலைக்கோடு போட்டிருந்தால் அது ஏசிக்கானது, வீட்டு போர்டில் மாட்டுவது. வீட்டுக்கு வருகிற 50 ஹெர்ட்ஸ் ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஸ்விட்ச் பிரியும்போது வருகிற பொறி அதிலேயே அணைந்துவிடும். பேனலில் வருவது டிசி, ஒரே திசை, பூஜ்யத்துக்கு வருகிற பேச்சே இல்லை. 16 பேனலை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து 600 வோல்ட்டுக்கு மேல் போகும்போது பொறி வெல்டிங் அடிக்கிற மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். அதற்கென்றே டிசி எம்சிபி, ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) என்று தனியாக விற்கிறார்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எங்களுக்கு ஏசி எம்சிபியை மாட்டியிருக்கிறார்கள்.

கேட்டால் முதலில் "இடி விழுந்திருக்கும்". அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை. அப்புறம் "ஈபி வோல்டேஜ் ஏறியிருக்கும்" என்கிறார், இந்த மோட்டாருக்கு ஈபி லைனே கிடையாது! கரிந்த எம்சிபியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன், எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "டிரைவ் வாரண்டியில எரிஞ்சது சேராது தம்பி, கம்பெனியில கேளுங்க." இப்போது போனை எடுப்பதில்லை, கடைப்பையன் ஓனர் வெளியூர் என்கிறான். டிரைவ், பெட்டி, கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 72,000. குறுவை நாற்றங்கால் போட்டிருக்கிற நேரத்தில் 72,000 ரூபாய்க்கு எங்கே போவது?

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். எம்சிபியில் டிசி குறி, அதாவது நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும், இருக்கிறதா பாருங்கள். வோல்ட் அளவு உங்கள் பேனல் வரிசையின் மொத்த வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். பிளஸ் மைனஸ் போட்டிருந்தால் மாற்றி மாட்டக் கூடாது. முதலில் டிரைவில் நிறுத்துங்கள், அப்புறம்தான் ஸ்விட்ச். ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். வெயில் இருக்கிற வரை அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கும், பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பில்லில் டிசி ஐசொலேட்டர் என்று எழுதி வாங்குங்கள், எங்கள் பில்லில் வெறும் "பாக்ஸ்" என்றுதான் இருக்கிறது.