துபாய்ப் பெட்டியில் எது வரட்டும்?

போன வாரம் துபாயிலிருந்து மச்சான் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "பெருநாளைக்கு ஊர் வர்றேன். பய கேம் பெட்டி கேக்குறான். பிஎஸ்5-ஆ, எக்ஸ்பாக்ஸா? இல்ல, அடுத்தது வர்ற வரைக்கும் இழுத்துப் புடிக்கவா?"

பிஎஸ்5 சோனியுடையது, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்டுடையது. கீழக்கரையில் இது புதுக் கேள்வி இல்லை. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளி வருகிறார் என்றாலே பெட்டியில் என்ன வருகிறது என்றுதான் பேச்சு. ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர், இப்போது இது. நான் இந்தச் சாமான்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன். அதனால் என் அலசல் கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

சிப்பின் வேகத்தை அளக்கிற டெராஃப்ளாப் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 என்று வந்தது, பிஎஸ்5 10.28 என்று வந்தது. விற்பனையில் முந்தியது எண் குறைந்த சோனிதான். அடுத்த சுற்றில் இந்தக் கணக்குக்கு இன்னும் மதிப்புக் குறையும், ஏனென்றால் அப்போதும் இரண்டு பேருக்கும் சிப்பை வடிவமைப்பது ஒரே கம்பெனி, ஏஎம்டிதான். மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் அந்தக் கூட்டணியை அறிவித்தது. அக்டோபரில் சோனியின் பெட்டிகளை வடிவமைக்கிற மார்க் செர்னி ஏஎம்டிகாரரோடு உட்கார்ந்து, ஒளி ஓட்டத்தைக் கணக்கிடத் தனிப் பகுதி, படத்தைக் கூர்மையாக்கும் ஏஐ என்று விளக்கி, சில வருஷத்தில் புதுக் கன்சோல் வரும் என்றார். சோறு ஒரே உலையில் வேகிறது, குழம்புதான் வேறு.

அந்தக் குழம்பில்தான் விஷயம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மெல்லப் பெட்டியைவிட்டே நகர்கிறது. அடுத்த எக்ஸ்பாக்ஸ் ஒரே கடைக்குள் அடைபடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2025 அக்டோபரில் ஏசுஸ் செய்து வந்த கையடக்க 'எக்ஸ்பாக்ஸ் அலை' (Ally), உள்ளே பார்த்தால் விண்டோஸ் கம்ப்யூட்டர். ஸ்டீம் என்கிற கம்ப்யூட்டர் கேம் கடையில் வாங்கிய கேமும் அதில் ஓடும். அவர்களுடைய சொந்தப் பிள்ளையான 'ஹேலோ' கேமையே பிஎஸ்5-க்குக் கொடுக்கப் போகிறோம் என்று அறிவித்தும் ஆயிற்று. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்காலம் கம்ப்யூட்டர்தான் என்றால், தேவைப்படும்போது நல்ல கம்ப்யூட்டராகவே வாங்கிக்கொள்ளலாமே. இன்றைக்கு எதற்கு எக்ஸ்பாக்ஸ் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பெரிய விஷயம் டிஸ்க். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பையன்களெல்லாம் வீட்டில் கிடப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஃபுட்பால் டிஸ்க் மண்டபத்தில் புறப்பட்டு பாம்பன், தங்கச்சிமடம் என்று ஆறு வீடு ஏறி இறங்கி, கீறலோடு என் கடைக்கு வரும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், டிஸ்க்கை இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது என்று விதி போட்டார்கள். சோனி ஒரு வீடியோ விட்டது: ஒருவர் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் அந்த விதியை வாபஸ் வாங்கியது. விலையிலும் பிஎஸ்4 நூறு டாலர் குறைவு. அந்த அடியிலிருந்து அவர்கள் இன்னும் எழவில்லை என்பது என் எண்ணம்.

அதே சோனிதான் இன்று டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டுகிற உதிரிப் பாகம் ஆக்கிவிட்டது. 2024-இல் 700 டாலருக்கு வந்த, வேகம் கூடிய பிஎஸ்5 ப்ரோவில் அதுவும் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். அடுத்த பெட்டியில் டிஸ்க் போடுகிற ஓட்டை இருக்குமா என்பதுதான் என் கவலை. டிஸ்க் இல்லாவிட்டால் 100 ஜிபி கேம் ஒன்றை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, லைன் விடாமல் முழு வேகத்தில் ஓடினாலே இரண்டேகால் மணி நேரம். லைன் விடாமல் ஓடுகிற வீடு எது என்று சொல்லுங்கள், குடிபோய்விடுகிறேன்.

காத்திருந்தால் விலை குறையுமா? பழைய கணக்கு அப்படித்தான். பிஎஸ்2 2000-இல் 299 டாலரில் வந்து, 2009-இல் 99-க்கு இறங்கியது. இந்தத் தலைமுறையில் ஏணி தலைகீழ். அமெரிக்காவில் 499-க்கு வந்த சீரிஸ் எக்ஸ் 2025 முடிவதற்குள் 649-ஐத் தொட்டது. பிஎஸ்5-உம் அந்த வருஷம் 50 டாலர் ஏறியது. ஏஐ கம்பெனிகள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால், புதுப் பெட்டி சல்லிசாக வரும் என்று நம்ப முடியவில்லை.

நின்டெண்டோ தனி ரகம். சிப்பும் ஏஎம்டி இல்லை, என்விடியா. அவர்களுடைய புதுப் பெட்டி 'ஸ்விட்ச் 2', 2025 ஜூன் 5-லேயே வந்துவிட்டது, அதனால் அதற்குக் காத்திருக்கிற பேச்சே இல்லை. கரண்ட் போனாலும் கையில் வைத்து ஆடலாம், கேமைப் பொறுத்து இரண்டு மணியிலிருந்து ஆறரை மணி வரை பேட்டரி நிற்கும் என்கிறார்கள். ஆனால் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனை இல்லை, பாகம் கிடைக்காமல் நான்தான் அல்லாடுவேன். 'மரியோ கார்ட் வேர்ல்ட்' ஒன்றே 80 டாலர். அதற்கு டிஸ்க் இல்லை, கேம் அட்டைதான்; சில அட்டைகளில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான், கேமை இறக்கித்தான் ஆட வேண்டும். ஜப்பானிலிருந்து யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். அது ஜப்பானிய மொழிக்கு மட்டுமான மாடல்.

கடைசியாக உப்புக்காற்று. இதில் எந்தக் கம்பெனிக்கும் சலுகை கிடையாது. ஃபேன் காற்றோடு உப்பையும் இழுக்கும், ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் பச்சைக் களிம்பு பூக்கும். பிஎஸ்5-இன் சிப்மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம், தெரியாதவன் பிரித்தால் போர்டோடு போச்சு. கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஆடாதபோது துணி போட்டு மூடுங்கள். ஆடும்போது மூடினால் வெந்துவிடும்.

மச்சானுக்கு இப்படித்தான் பதில் அனுப்பினேன்: "காத்திருக்க வேணாம் மச்சான். டிஸ்க் டிரைவ் வச்ச பிஎஸ்5 எடுங்க, ப்ரோ வேணாம். அக்கவுண்ட் அங்கே ஓபன் பண்ணாதீங்க, நாட்டைப் பிறகு மாத்த முடியாது. மருமகன் இங்கேயே பண்ணிக்கட்டும். டிஸ்க் எந்த ஊர்ல வாங்கினாலும் ஓடும், நாலஞ்சு அள்ளிட்டு வாங்க. அந்த ஊரு மூணு முள் ஒயரை அங்கேயே போட்டுருங்க. நம்ம பழைய டேப் ரெக்கார்டர் ஒயர் பிஎஸ்5 ஓட்டையிலயும் நுழையும், கடையில ஒரு கட்டு கிடக்கு."