ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலப் பரிசோதனை: ஒரு மதிப்பீடு

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பகாலச் சேவையைப் பற்றிப் பேசுவோரில் பலர், இலவசம் என்பதற்காகவே அதைப் புகழ்கிறார்கள், அல்லது அரசுடையது என்பதற்காகவே ஒதுக்கிவிடுகிறார்கள். தங்கையின் முதல் பேற்றுக்காக எங்கள் வட்டாரத்து நிலையத்துக்கு அவளுடன் போய்வந்தவள் என்ற முறையில், அங்கே எது சிறப்பாக இருக்கிறது, எதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பன்னிரண்டு வாரங்கள் முடிவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவுசெய்து, தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுவது நல்லது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்தப் பதிவு தேவைப்படுவதால், தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது சர்க்கரைப் பரிசோதனைதான். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை இது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்கிறார்கள். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொண்டு உணவு ஆலோசனையைத் தொடங்குகிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை என்பது, காலையில் பேருந்து பிடித்து வரும், மசக்கையால் ஏற்கெனவே துவண்டிருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உடன் போனவர்களுக்குத்தான் புரியும். முதல் வருகையில் அளவு சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் பார்க்கிறார்கள். கேட்காமலேயே பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் பாராட்டு மருத்துவருக்கல்ல, செவிலியருக்கே உரியது. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்றாக 180 நாட்களுக்கு அயச்சத்து மாத்திரை தருகிறார்கள். மலம் கறுப்பதையும் வயிறு கட்டுவதையும் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். எங்கள் செவிலியர் அக்கா, மலம் கறுப்பது இயல்பென்றும், மாத்திரை விழுங்கியதும் காபி, டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றும், கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போட வேண்டும் என்றும் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் விளக்கினார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 ரொக்கமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் கிடைக்கிறது. சத்துமாவு, அயச்சத்து டானிக், பேரீச்சை, ஆவின் நெய் எனப் பெட்டகம் நிறைவாகவே இருக்கிறது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் சர்க்கரையை அத்தனை கவனமாகக் கண்டுபிடிக்கும் அதே அமைப்பு, சர்க்கரை கூடியிருக்கும் பெண்ணின் கையிலும் அதே பேரீச்சையையும் பிஸ்கட்டையும் கொடுத்தனுப்புவது எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கென்று பயறு, சுண்டல், வேர்க்கடலை வைத்து வேறொரு பெட்டகம் தயாரிப்பது அரசுக்கு இயலாத காரியமா என்ன?

குறைகள் இரண்டு. பரிசோதனை நாளில் கூட்டம் நெரிவதால், மருத்துவரிடம் நின்று நாலு கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் தலைவலியோடு கண் மங்குதல், முகம் வீங்குதல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் போன்ற அபாய அறிகுறிகளைத் தாய் சேய் அட்டையில் நாமே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும். இரண்டாவது குறை, ஸ்கேன். ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கு அங்கே வசதி இல்லாததால் எங்களை வேறு மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே தேதி கிடைப்பது எளிதாக இல்லை. 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேன் அது. ஆகவே நான்காம் மாதப் பரிசோதனையின்போதே சீட்டு எழுதி வாங்கி, முன்கூட்டியே தேதி கேட்டுவைப்பது உத்தமம்.