டாக்டர் ஹூ: 20ஆம் வருஷ ஸ்பெஷலா, 50ஆம் வருஷ ஸ்பெஷலா?

'டாக்டர் ஹூ' ஒரு பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்ஷன் டிவி தொடர், அதுல ஹீரோவான டாக்டரா வேற வேற நடிகர்கள் மாறி மாறி வருவாங்க. 1983ல வந்த 'தி ஃபைவ் டாக்டர்ஸ்', 2013ல வந்த 'தி டே ஆஃப் தி டாக்டர்', ரெண்டுல எனக்கு ரெண்டாவதுதான். முதல்ல வந்ததுல பழைய ஆளுங்க நிறைய பேர் வர்றாங்க, அது சந்தோஷம்தான், ஆனா நாலாவது டாக்டரா நடிச்ச டாம் பேக்கர் நடிக்க மாட்டேன்னுட்டதால, ஒளிபரப்பாகாம கிடந்த 'ஷாடா' கதையில அவர் கேம்பிரிட்ஜ்ல படகு தள்ளிட்டுப் போற காட்சிய எடுத்து ஒட்டிட்டாங்க, முதல் டாக்டரா நடிச்ச ஹார்ட்னல் 1975லயே இறந்துட்டதால அவருக்குப் பதிலா ரிச்சர்ட் ஹர்ன்டால். கதை சுமார்.

2013ல, ஒரு டாக்டரா வர்ற ஜான் ஹர்ட், போரை முடிக்க தன் சொந்த கிரகத்தையே அழிக்கிற அந்த சிவப்பு பட்டன் முன்னாடி தனியா நிக்கிறப்ப, மத்த ரெண்டு டாக்டர்களான டென்னன்ட்டும் ஸ்மித்தும் வந்து கூடவே கை வைக்கிறாங்க பாருங்க, அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் கடைசில நேஷனல் கேலரில ஒரு குரல் கேக்குது, திரும்பிப் பார்த்தா அன்னிக்கு வராத அதே டாம் பேக்கர்!