‘தி கிரவுன்’ கடைசி சீசன், ஆற அமரப் பார்த்த பிறகு

இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கதையைச் சொல்லும் இந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரோடு, 2016 நவம்பரில் முதல் சீசன் வந்ததிலிருந்து கூடவே வந்த ஆள் நான். ராணி எலிசபெத்தாக கிளேர் ஃபாய் இரண்டு சீசன், ஒலிவியா கோல்மன் இரண்டு, இமெல்டா ஸ்டான்டன் இரண்டு, மொத்தம் 60 எபிசோட். ஆரம்பத்தில் மதுரையில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காது, ‘வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டைய நீ எதுக்குடா பாக்குற’ என்பார்கள். 2020இல் நாலாவது சீசனில் டயானா வந்ததும் நிலைமை தலைகீழ். ஆபீஸில் ஒரு கும்பல், எங்கள் தெருவில் ரிட்டயர்ட் ஆன வரலாற்று வாத்தியார் ஒருவர், செல்லூரில் இருக்கும் அத்தை என்று ஒரு ஜமாவே சேர்ந்துவிட்டது. அத்தைக்கு ஆங்கிலம் ஓடாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். ஆனால் டயானா யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, டயானா மரணச் செய்தி வந்த வாரப் பத்திரிகையின் அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

கடைசி சீசனை இரண்டாகப் பிரித்து விட்டார்கள். 2023 நவம்பர் 16 அன்று நாலு எபிசோட், டிசம்பர் 14 அன்று மிச்சம் ஆறு. தீபாவளி முடிந்த வாரம், வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வந்தது, சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் இரண்டு பேர் போனை மறைத்துவைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் சண்டை ஆரம்பம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், டயானா செத்த பிறகு வந்து பேசும் காட்சிகள். உடலைக் கொண்டுவரும் விமானத்தில் விவாகரத்தான கணவர் சார்லஸ் எதிரே உட்கார்ந்து பேசுகிறார், அப்புறம் ராணி பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிறார். ‘இவ்வளவு நாள் கௌரவமா எடுத்த நாடகத்தை பேய்க்கதை ஆக்கிட்டானே’ என்று ஆபீஸ் கும்பல் ஒரே புலம்பல். இங்கிலாந்து விமர்சகர்களும் இதைத்தான் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எழுதிய பீட்டர் மோர்கன், இது பேய் இல்லை, போனவர் இருப்பவர்கள் மனசில் வாழ்வதைத்தான் காட்டினேன் என்று விளக்கம் கொடுத்தும் எடுபடவில்லை.

அத்தைக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. “செத்தவுக வந்து பேசாம பின்ன என்ன செய்வாக? ஒங்க தாத்தா கருமாதி முடியிறதுக்குள்ள கனவுல வந்து கண்ணாடி எங்கன்னு கேக்கலையா?” என்றார். சாமியாடி மேல் இறங்கி, விட்டுப்போன கணக்கு வழக்கையெல்லாம் பேசுகிற செத்தவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்த விமானக் காட்சியில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. என் கருத்தும் அதுதான், பேய் வந்ததில் குறை இல்லை, அது பேசிய வசனத்தில்தான் குறை. டயானா வந்து சார்லஸுக்குக் கிட்டத்தட்ட ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறார். வாழ்நாளெல்லாம் அழவைத்த மனுஷனிடம் எந்தப் பொம்பளைப் பேய் அப்படிப் பேசும்? இதே பகுதியில் அதே விபத்தில் செத்த டயானாவின் காதலன் டோடியும் செத்த பிறகு தன் அப்பாவிடம் வந்து பேசுகிறான். அதைப் பற்றி எங்கள் ஜமாவில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

பெரிய கோளாறு கணக்கில் இருக்கிறது. மூன்றாவது சீசன் 1964 தொடங்கி 1977 வரை ஓடியது, பத்து எபிசோடில் பதிமூன்று வருஷம். இங்கே டயானா செத்த 1997இன் ஒரே கோடைக்கு நாலு எபிசோட். படகு, கேமராக்காரர்கள், மறுபடி படகு. டயானாவாக வரும் எலிசபெத் டெபிக்கியின் நடிப்பில் குறையே சொல்ல முடியாது, கோல்டன் குளோபும் எம்மியும் வாங்கியது நியாயம்தான், கழுத்தைச் சாய்த்து கண்ணை மேலே தூக்கும் அந்தப் பார்வையில் அத்தையே ‘அவளேதான்’ என்றார். விபத்தை எடுத்த விதமும் நன்று. பாரிஸில் ராத்திரி ஒருத்தர் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார், ஒரு கார் சீறிப் போகிறது, பின்னால் பைக்குகள், சுரங்கப்பாதைக்குள்ளிருந்து சத்தம், அவ்வளவுதான், ரத்தம் இல்லை எதுவும் இல்லை. ஆனால் நாடகத்தின் பெயர் கிரவுன், ராணி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இதில் வாத்தியாருக்கு ஒரு தனி ஆதங்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. டயானா செத்து ஒன்றரை மாதத்தில், 1997 அக்டோபரில், ராணி இந்தியாவுக்கு வந்தார். ஜாலியன்வாலா பாக்கில் மலர்வளையம் வைத்தார். சென்னையில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழாவுக்குப் போனார். அந்த மருதநாயகத்தை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதுரையை ஆண்டு பிறகு கம்பெனியையே எதிர்த்த யூசுப் கானை, 1764இல் தூக்கில் போட்டது இதே மதுரையில், சமாதி சம்மட்டிபுரத்தில் இருக்கிறது, பஸ்ஸில் போனால் எட்டிப் பார்க்கலாம். தன் முன்னோர் காலத்து ஆட்கள் தூக்கில் போட்டவனைப் பற்றிய படத்துக்கு அந்த ராணி விருந்தாளியாக வந்து உட்காருகிறார், அதுவும் சொந்த நாட்டிலேயே ‘அழாத கல்நெஞ்சுக்காரி’ என்று ஏச்சு வாங்கிய சூட்டோடு! படகுக் காட்சிகளில் கொஞ்சத்தை வெட்டி இதை வைத்திருக்கலாம் என்று வாத்தியார் இன்றைக்கும் சொல்வார். வெள்ளைக்கார எழுத்தாளர் எதற்கு இதை வைக்கப்போகிறார், அது வேறு விஷயம்.

டிசம்பரில் வந்த ஆறு எபிசோடுக்கு வரவேற்பு குறைவு, பலர் நவம்பரோடு விட்டுவிட்டார்கள். வில்லியம், கேட் காலேஜ் காதல் சுமார், கல்லூரி விளம்பரம் மாதிரி இருக்கிறது, தாண்டிவிடலாம். அப்போதைய பிரதமர் டோனி பிளேர் வரும் ‘ரூரிட்டானியா’ எபிசோட் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது. செலவைக் குறைக்கச் சொல்லி பிளேர் யோசனை சொல்ல, அன்னங்களைப் பார்த்துக்கொள்கிறவர், மூலிகை தூவுகிறவர் என்று பரம்பரைப் பதவிக்காரர்களை ராணி கூப்பிட்டு விசாரிக்கிறார். ஒவ்வொருத்தரும் தன் வேலையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. கோயில் திருவிழாவில் யார் குடை பிடிப்பது, யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம் என்று கோர்ட் வரை போகிற ஊரில் அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இந்த சீசனின் உயிர் ‘ரிட்ஸ்’ என்ற எட்டாவது எபிசோட். ராணியின் தங்கை இளவரசி மார்கரெட்டுக்கு அடுத்தடுத்து பக்கவாதம், உடம்பு ஒவ்வொரு பாகமாகக் கைவிடுகிறது, சிகரெட்டை மட்டும் அவர் கைவிட மாட்டேன் என்கிறார். அதற்கு நடுநடுவே 1945 மே 8, போர் முடிந்த ராத்திரி, அக்காவும் தங்கையும் அரண்மனையை விட்டு லண்டன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து ஆடிவிட்டு வருகிறார்கள். அவர்கள் அன்றைக்கு வெளியே போனது நிஜம், மிச்சம் கற்பனை. அந்த ஒரு ராத்திரியை வாழ்நாள் முழுக்க இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள், அக்கா படுக்கை ஓரம் உட்கார்ந்து புத்தகம் வாசிக்க, தங்கை பாதி முகம் இழுத்துக்கொண்ட நிலையிலும் கிண்டல் பண்ணுகிறார். மார்கரெட்டாக நடித்த லெஸ்லி மான்வில்லுக்கு ஒரு விருதும் வரவில்லையே என்று எனக்கு இன்னும் கடுப்பு. அத்தை இதற்கு மட்டும் கதை கேட்கவே இல்லை. பேசாமல் பார்த்தார், முடிந்ததும் திருமங்கலத்தில் இருக்கும் தன் தங்கைக்கு போன் போட்டார். இரண்டு பேரும் ஏதோ நிலத் தகராறில் பேசாமல் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடைசி எபிசோடில் ராணி, எண்பதை நெருங்கும் வயதில், தன் இறுதி ஊர்வலத்துக்குத் தானே திட்டம் பார்க்கிறார். பதவியை மகனுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று யோசித்து, விடுவதில்லை என்று முடிவெடுக்கிறார். கிளேர் ஃபாயும் ஒலிவியா கோல்மனும் அவர் மனசாட்சியாக வந்து போகிறார்கள். ஆபீஸ் கும்பல் இதையும் மிகை என்றது. எனக்குப் பிடித்தது. எங்கள் ஜமாவில் நடந்த வாக்குவாதம் இன்னும் பிடித்தது. சித்திரை எட்டாம் நாள் பட்டாபிஷேகத்தில் செங்கோல் வாங்கும் மீனாட்சியே நாலு மாசம் ஆண்டுவிட்டு ஆவணியில் சொக்கருக்குக் கொடுத்துவிடுகிறாள், இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்பது அத்தையின் கட்சி. 1936இல் ராணியின் பெரியப்பா எட்டாம் எட்வர்ட் முடி துறந்ததில் பட்ட சூடு, அந்த வீட்டில் அந்தப் பேச்சே ஆகாது என்பது வாத்தியார் கட்சி. கதை 2005இலேயே நின்றுவிடுகிறது. 2022 செப்டம்பரில் நிஜ இறுதிச் சடங்கில் வாசித்த அதே பைப் இசை இந்த எபிசோடில் வருவதால், அதை டிவியில் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

சமீபத்தில் இந்த சீசன் மொத்தத்தையும் மறுபடி ஓட்டினேன். முதல் நாலு எபிசோட் இன்னும் இழுக்கிறது, பின் ஆறு இன்னும் ஏறி நிற்கிறது. ஐந்தாவது சீசனோடு சலித்து நிறுத்தியவர்கள் இதில் நாலு, ஆறு, எட்டு, பத்தாவது எபிசோடுகளை மட்டும் பார்த்தால் போதும், ஆனால் முதல் இரண்டு சீசனில் மார்கரெட்டைப் பார்க்காதவர்களுக்கு எட்டாவது பாதிதான் போய்ச் சேரும். இன்னொன்று, 149 ரூபாய் மொபைல் பிளானில் இதைப் பார்க்காதீர்கள், அந்த உடைகளும் கூடங்களும் உள்ளங்கையில் அடங்காது. கொஞ்சம் கூடக் கொடுத்து டிவியில் பாருங்கள், கதை சொல்லக் கேட்கிற ஒரு அத்தையும் பக்கத்தில் இருந்தால் நல்லது.