டெல்டா ஈரத்தில் ஒரு ஜூம் ஐபீஸ்

மன்னார்குடி நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, அந்த 8-24 ஜூம் ஐபீஸ் விலை இறங்கியிருக்கே, வாங்கிடவா?" தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழல்தான் ஐபீஸ்; ஜூம் என்றால் அதன் குவியத் தூரத்தைத் திருகியே 8 முதல் 24 மி.மீ. வரை மாற்றலாம். என்னுடையது அப்போதுதான் திருச்சியில் பழுது பார்த்துத் திரும்பியிருந்தது. கோபம் ஆறாத நேரம். அதனால் போனில் ஒன்றும் சொல்லாமல், இப்போது எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் தொலைநோக்கி 130 மி.மீ. நியூட்டோனியன் (குழாயின் அடியில் உள்ள குழி ஆடியால் ஒளியைக் குவிக்கும் வகை), குவியத் தூரம் 650 மி.மீ. இந்த ஐபீஸை 24-ல் வைத்தால் 27 மடங்கு, 8-க்குத் திருகினால் 81 மடங்கு. சனியைப் பார்க்கும்போது காற்று எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு மட்டும் திருகி நிறுத்திக்கொள்ளலாம். வளையம் கலங்க ஆரம்பித்தால் அரைத் திருகு பின்னால். தெருப் பிள்ளைகள் மொட்டை மாடியில் வரிசை கட்டி நிற்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும். இருட்டில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் குழாய் அசைந்து வியாழன் ஓடிப்போகும். இதில் அந்தப் பாடே இல்லை. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை முதலில் ஒரு புகைத் திட்டாகக் காட்டி, அப்படியே திருகிக்கொண்டே போனால் ஓரத்திலிருந்து நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்து வரும். அதைப் பார்த்த பிள்ளை கண்ணை எடுக்காது.

குறை என்றால், 24-ல் பார்வைப் புலம் (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) சுமார் 40 டிகிரிதான். கார்த்திகைக் கூட்டம் முழுசாக அடங்காது. பிளாசல் என்கிற சாதாரண வகை ஐபீஸில், 32 மி.மீ. ஒன்றில், அது தாராளமாக அடங்கும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது ஈரம். நம்ம பக்கம் சம்பா வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில், மேகமில்லாத இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உடனே பனி பிடிக்கும். மார்கழியில் பத்து மணிக்கெல்லாம் குழாயில் கை வைத்தால் கை நனையும். நியூட்டோனியனின் பெரிய ஆடி குழாயின் அடியில் ஒதுங்கி இருப்பதால் தப்பிக்கிறது. மாட்டிக்கொள்வது ஐபீஸும் ஃபைண்டரும்தான் (குறி பார்க்க மேலே மாட்டியிருக்கும் சின்னத் தொலைநோக்கி). சாதாரண ஐபீஸில் பனி மேலோடு நின்றுவிடும். ஜூமில் லென்ஸ் தொகுதி உள்ளே முன்னும் பின்னும் நகர்கிறது. ஒவ்வொரு திருகலுக்கும் ஈரக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். நிலா ஓரத்தில் ஒரு மங்கல். துடைத்தேன், போகவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், உள் கண்ணாடியின் விளிம்பிலிருந்து சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருந்தது. பூஞ்சை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் எப்போதும் வைத்திருந்தேன். அப்படியும் வந்துவிட்டது.

கேமரா பழுது பார்ப்பவர் பொறுமையாகப் பிரித்தார். "வெளிக் கண்ணாடி சுத்தமாயிடுச்சு சார். உள்ளே ரெண்டு லென்ஸ் ஒட்டினது, பிரிச்சா பழையபடி சேராது. கோட்டிங்ல தழும்பு நிக்கும்" என்றார். பூஞ்சை விடும் அமிலம் லென்ஸின் மேல் உள்ள மெல்லிய கோட்டிங்கை அரித்துவிடுகிறது. அதைத் துடைத்து எடுக்க முடியாது. இப்போது வியாழனைச் சுற்றி லேசாக ஓர் ஒளிப்படலம் தெரிகிறது. மற்றவர் கண்ணுக்கு அது படாமல் போகலாம். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்தும் சொல்கிறேன்: கடலோரத்திலும் வயலோரத்திலும் இருப்பவர் இதை வாங்க வேண்டாம், எவ்வளவு விலை இறங்கினாலும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். நமக்கு 32 ஒன்று, 12 ஒன்று என இரண்டு பிளாசல் போதும். உள்ளே நகர்கிற பாகம் கிடையாது. இரண்டே ஜோடி லென்ஸ், விவரம் தெரிந்தவர் வளையத்தைத் திருகிப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்ப்பவருக்கு 12-ல் கண்ணை ரொம்ப ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். அவர்கள் ஐ ரிலீஃப் (லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்கட்டும்.

மிச்சக் காசில், பனி பிடிக்காமல் ஐபீஸைச் சுற்றிக் கட்டும் 5 வோல்ட் ஹீட்டர் பட்டை ஒன்று, பவர் பேங்கில் ஓடும். சிவப்பு டார்ச் ஒன்று. நிலா ஃபில்டரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடி போடாதீர்கள். உலர்ந்த பிறகே டப்பாவுக்குள் போக வேண்டும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் சட்டியில் வறுக்கவே கூடாது. அந்த நீலம் பெரும்பாலும் கோபால்ட் குளோரைடு, நஞ்சு.

வாங்குவதைப் பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், பனியும் குறைந்திருக்கும். லண்டன்காரருக்கு உதிக்கவே உதிக்காத ஒமேகா சென்டாரி, நமக்குத் தெற்கே 30 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். சித்திரையில் நள்ளிரவு, வைகாசியில் ஒன்பது பத்து மணிக்கே.