16,900 ரூபாய்க்கு ஒரு தகர டப்பா: காரில் வைக்கும் துப்பாக்கிப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 16,900 ரூபாய். காருக்குள் கைத்துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி என்று சொல்லி விற்றது, கைரேகை வைத்தால் திறக்கும் தகர டப்பா. அதுவும் யார் கைரேகைக்கு வேண்டுமானாலும் திறக்கும்.

உப்பு முதல் டிவி வரை எல்லாம் விற்கும் பெரிய இணையக் கடை ஒன்று, அதில் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனையாளர். பெயர் போடப்போவதில்லை. போட்டால் பதிவைத்தான் தூக்குவார்கள், பெட்டியைத் தூக்க மாட்டார்கள். தவிர, இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடு இன்னும் பல இடத்தில் கிடைக்கிறது. பெயரைத் தெரிந்துகொண்டு பயனில்லை, பெட்டியின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகைக்கடை, அடகுக்கடை, ஒதுக்குப்புறத் தோப்பு வீடு என்று உரிமத்தோடு .32 ரிவால்வர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. கோர்ட்டுக்குள்ளோ பிள்ளையார்பட்டி சன்னதிக்குள்ளோ அதை இடுப்பில் செருகிக்கொண்டு போக முடியாது. அந்த அரைமணி, ஒருமணி நேரம் காரில்தான் வைத்தாக வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியில் வைப்பது வைக்காததற்குச் சமம். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், அந்தப் பூட்டு கையோடு வந்துவிடும். ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. யோசனையில் ஒரு குறையும் இல்லை.

விளம்பரம் சொன்னது: 16 கேஜ் (தகட்டின் கனத்தைச் சொல்லும் எண்) இரும்பு, 5 மி.மீ ஸ்டீல் கேபிள், 20 கைரேகை பதியலாம், அவசரத்துக்கு இரண்டு சாவி, டி.எஸ்.ஏ அங்கீகாரம். இந்த டி.எஸ்.ஏ என்பது அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் அரசுத் துறை. அவர்கள் எந்தத் துப்பாக்கிப் பெட்டிக்கும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. கெட்டியான ஓடு, பூட்டு, இடுக்கு வழியாகக் கையை நுழைக்க முடியாத மூடி இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, அவ்வளவுதான். இந்த வாசகம் இருக்கும் விளம்பரத்தை அங்கேயே மூடிவிடலாம்.

ஆனால் ஆளைச் சாய்த்தது விளம்பரம் இல்லை, போன். சந்தேகம் கேட்க ஒரு எண் கொடுத்திருந்தார்கள். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். “காரைக்குடியாண்ணே? உங்க ஊருக்கே நிறைய அனுப்பியிருக்கோம், நகைக்கடைக்காரங்கதான் அதிகம். வீட்டுல பெட்டகம் பாத்து வளந்தவங்க நீங்க, உங்களுக்கு நான் இரும்பப் பத்திச் சொல்லணுமா?” தகடு எத்தனை மில்லி என்று கேட்டதற்கு ஒரு நொடி தயங்கவில்லை. “ஒன்றரைக்கு மேலயே இருக்கும்ணே. பிடிக்கலைன்னா ஏழு நாள்ல திருப்பிருங்க, பணம் வந்துரும்.” அளவைக் கேட்டதும் அளவோடு பதில் சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? 16,900 போனது அந்தப் பேச்சில்தான்.

பெட்டி வந்தது. கையில் எடுத்த உடனேயே நெருடியது, இரும்பின் எடையே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிடக்கும் இரும்புப் பெட்டியை ஒரு தடவையாவது நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அளவுகோல் இல்லாமலே தகட்டின் கனத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி 24 செ.மீ நீளம், 16.5 அகலம், 5 உயரம். ஆறு பக்கத்தையும் கூட்டினால் சுமார் 0.12 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மி.மீ கனத்தில், 7.85 கிலோ. 16 கேஜ் என்றால் நம்மூர்ப் பட்டறைக் கணக்கில் 1.6 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், வெறும் தகடு மட்டுமே ஒன்றரைக் கிலோ வரும். பூட்டு, மோட்டார், ஸ்பாஞ்ச், நாலு பேட்டரி சேர்ந்தால் 2 கிலோவை நெருங்க வேண்டும்.

மளிகைக் கடைத் தராசு காட்டியது 1 கிலோ 150 கிராம்.

அதாவது தகடு 20 கேஜ், 0.9 மி.மீ. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும், இதைத் தெரியாதவர்களிடம் “20 கேஜ்ணே, 16ஐ விட அதிகம்” என்றே விற்கிறார்கள். பிறகு வெல்டிங் பட்டறையில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததும் பெயின்ட்டோடு சேர்த்து 0.95தான் வந்தது. பட்டறை அண்ணன் மூடியை இரண்டு கையால் பிடித்து முறுக்கினார். அஞ்சறைப்பெட்டி மூடி மாதிரி வளைந்தது. பூட்டு பிடிப்பது நடுவில் ஒரே ஒரு இடத்தில். அதனால் ஓரத்தை நெம்பினால் மூலை தூக்கிக்கொள்கிறது. கேபிள் நுழைய மூடி ஓரத்தில் ஒரு பள்ளம் வேறு வெட்டியிருக்கிறார்கள், நெம்புகிறவனுக்கு வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி. அந்தக் கேபிள் 5 மி.மீ என்பதும் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த கணக்கு. உறையைச் சீவினால் உள்ளே முறுக்குக் கம்பி 3 மி.மீ.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததைப் பொறுக்க முடியாது.

பெட்டி காலியாக இருந்தது, விரல் பதிந்து எல்லாம் சரியாக வேலை செய்தது. பேட்டரியைக் கழற்றி மாற்றிய பிறகு பட்டறைப் பையன் அதை ஓரமாக நகர்த்த எடுத்தான். கிரீஸ் படிந்த பெருவிரல் சென்சார் மேல் பட்டது. பச்சை விளக்கு எரிந்தது, மோட்டார் டிர்ர் என்றது, மூடி திறந்து நின்றது. அவனே பயந்து கையை எடுத்துவிட்டான். அடுத்து வெல்டர் விரல், டீ கொண்டுவந்தவர் விரல். எல்லாருக்கும் திறந்தது.

காரணம் இதுதான். இந்த ரகப் பெட்டிகள் வரும்போதே எந்த விரலுக்கும் திறக்கும் நிலையில் வரும். முதல் விரலைப் பதிந்ததும் அந்த நிலை மாற வேண்டும். இதில் பேட்டரி கழன்றால் பதிவு மொத்தமும் அழிந்து பழைய நிலைக்கே போய்விடுகிறது. ஒரு பீப் சத்தம்கூட வராது. பெட்டிக்கு உரியவர் தன் விரலை வைத்தாலும் திறக்கிறதே, அதனால் பதிவு அழிந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் பிள்ளைகள் ஏறி இறங்கும் கார், சீட்டுக்கு அடியில் ரிவால்வர். நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் இதே மாதிரிக் கோளாறுக்காகச் சுமார் 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பதியாத விரலுக்கும் திறந்ததுதான் புகார். 12 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோன வழக்கு அதன் பின்னால் இருக்கிறது. அங்கே அரசு ஆணையம் அறிவிக்க, விற்ற நிறுவனம் திரும்பப் பெற்றது. இங்கே 16,900க்கு விற்கிறார்கள்.

பேட்டரி எப்போதோதானே மாற்றுவோம் என்று நினைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிழல் இல்லாமல் நிறுத்தின கார், உள்ளே 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் மலிவு பேட்டரி ஒழுகி, முனையில் வெள்ளையாகப் பூத்துவிடும். அடிக்கடி மாற்றத்தான் வேண்டிவரும்.

சாவிக்கு வருகிறேன். சாவியின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும். தேவகோட்டையில் தெரிந்த அண்ணன் ஒருவர் வேறு கடையில், வேறு பெயரில் வாங்கிய பெட்டியிலும் அதே எண். அவர் சாவி இதைத் திறந்தது, இந்தச் சாவி அவருடையதைத் திறந்தது. இதற்கு மேல் பூட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி இவர்கள் அலைக்கழித்த கதை. ஏழு நாளுக்குள்தான் திருப்பக் கேட்டது. முதல் பதில்: “பிரிக்கும்போது எடுத்த வீடியோ அனுப்புங்க சார்.” வீடியோ இருந்தது, அனுப்பியாயிற்று. அடுத்த பதில்: “பொருள் சேதமில்லாமல் வந்திருப்பது வீடியோவில் தெரிகிறது, எனவே திருப்ப இயலாது.” சேதம் என்று யார் சொன்னது? சொன்ன கனம் இல்லை, பூட்டு யாருக்கும் திறக்கிறது, இதுதான் புகார் என்று எழுதினால், வந்தது பாருங்கள் ஒரு விளக்கம்: கைரேகை பதிந்துவிட்டதால் இது தனிப்பட்ட தகவல் அடங்கிய பொருளாம், திரும்பப் பெற முடியாதாம். கைரேகை பதியாமல் கைரேகைப் பூட்டை எப்படிச் சோதிப்பது? இதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

போனில் “அண்ணே” என்று உருகிய ஆள் இப்போது எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுத்து, ஊர் பெயரைச் சொன்னதும் வைத்துவிடுகிறார். இணையக் கடையில் கேட்டால் விற்பனையாளரைக் கைகாட்டுகிறார்கள், விற்பனையாளர் கடையைக் கைகாட்டுகிறார். ஒருவழியாகப் பெட்டியை எடுத்துப்போக ஆள் வரும் என்றார்கள். வாசலில் எந்த வண்டியும் நிற்கவில்லை, ஆனால் “வீட்டில் ஆள் இல்லை, முயற்சி தோல்வி” என்று குறுஞ்செய்தி வந்தது. திண்ணையில் ஆச்சி நாள் முழுக்க உட்கார்ந்திருந்த வீடு. அந்தக் குறுஞ்செய்தியையே காரணமாக வைத்து வேண்டுகோளை மூடிவிட்டார்கள். கடைசியாகக் கருணை கூர்ந்து 500 ரூபாய்க்குக் கூப்பன் தந்தார்கள், அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளலாமாம். 16,900க்கு 500!

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வையுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி இணையக் கடை குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் செய்தது என்று பக்கத்தில் போட வேண்டும், இதில் போடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் நடக்காவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நமக்குச் சிவகங்கை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் போட வேண்டும் என்று போனில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதே “உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?” என்று அவர்களிடமிருந்து மெயில் வருகிறது. பொறுமை போய்விட்டது. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

எடை போடாமல் வாங்காதீர்கள். விளம்பரத்தில் எடை இல்லாவிட்டால் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். தகடு 1.6 மி.மீக்குக் குறைந்தால் வேண்டாம், 2 மி.மீ கிடைத்தால் நல்லது.

கைரேகையே வேண்டாம் என்பேன். பட்டன் எண் பூட்டு அல்லது நல்ல சாவிப் பூட்டு போதும். கைரேகைதான் வேண்டுமென்றால், காலிப் பெட்டியில் பேட்டரியைக் கழற்றி மாட்டி, வேறு ஒருவரை விரல் வைக்கச் சொல்லுங்கள். பூட்டை இழுப்பது மோட்டாரா, சொலினாய்டா (மின்காந்தத்தால் நகரும் தாழ்) என்று கேளுங்கள். மலிவு சொலினாய்டு ஓங்கித் தட்டினாலே நழுவும்.

கேபிளை மட்டும் நம்பாதீர்கள். தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 8 மி.மீ போல்ட் குறைந்தது இரண்டு வேண்டும், தலை பெட்டிக்கு உள்ளே, கார் தரைக்கு அடியில் 3 மி.மீ பட்டைத் தகடு. டிரில் போடுமுன் காரைத் தூக்கி அடியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் ஒயர், தொடாதீர்கள். ஓட்டை ஓரத்தில் ரெட் ஆக்ஸைடு அடித்து சீலன்ட் வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குத் தரை துருப்பிடிக்கும்.

உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ரிவால்வரின் கறுப்புப் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். சிலிக்கா ஜெல் போடுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் இராத்திரி காரில் விடாதீர்கள். தொலைந்தால் ஸ்டேஷனில் பதில் சொல்லப்போவது பெட்டி விற்றவன் இல்லை, உரிமம் வைத்திருப்பவர்.

இதைப் படித்துவிட்டு “அண்ணே, நம்மகிட்ட ஒரிஜினல் இருக்கு, 12,000தான்” என்று இன்பாக்ஸுக்கு வரப்போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.