கொலம்பஸா, டாஷிங் காரா? காரைக்குடிப் பக்கத்து சின்ன பார்க்குக்கு எது சரிப்படும்

பெரியப்பா மகன் அண்ணன், காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற பக்கம் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சின்ன பார்க் நடத்துகிறார். ஒரு குடை ராட்டினம், ஒரு டோரா டோரா, நாலைந்து சறுக்கு, ஊஞ்சல், பாப்கார்ன் கடை, அவ்வளவுதான். இந்த வருஷம் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கிப் புதிதாக ஒன்று இறக்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு, இப்போது வீட்டில் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. கூட்டாளி ஒருவர் செயற்கையாக அலை அடிக்கிற அலைக்குளம் என்கிறார். அண்ணனுக்கு ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கப்பல், அந்தக் கொலம்பஸ் மேல் கண். அவர் பிள்ளைகளோ ரோலர் கோஸ்டரைத் தவிர வேறு எதையும் காதில் வாங்குவதில்லை. மாசக் கடைசியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்ற உரிமையில் நானும் மூக்கை நுழைத்துவிட்டேன்.

ரைடைப் பார்ப்பதற்கு முன்னால் வருகிற ஆளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சனி, ஞாயிறு சாயங்காலம் காரைக்குடி காலேஜ் பசங்கள் பைக்கில் வருவார்கள், அது தனிக் கூட்டம். ஆனால் பார்க்குக்குச் சோறு போடுவது வேன் கூட்டம்தான். பிள்ளையார்பட்டியில் மத்தியானம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் கும்பிட்டவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், தரிசனம் கிடைக்காதவர்கள் நடை திறக்கும்வரை எங்கேயாவது பொழுதைக் கழிக்க வருவார்கள். ஒரு வேனில் பன்னிரண்டு பேர் என்றால் அதில் பட்டுச்சேலை கட்டிய அப்பத்தா ஒன்று, இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா, முழங்கால் வலிக்கிற பெரியவர் ஒருவர், பையையும் செருப்பையும் காத்துக்கொண்டு நிற்கிற ஒருத்தர். ஏறுகிறவர்களைவிட நிற்கிறவர்கள் அதிகம். அந்த நிற்கிறவர்களுக்குச் சலித்துவிட்டால் "வாங்க கிளம்புவோம்" என்று ஒரு குரல் வரும், மொத்த வேனும் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அலைக்குளத்தைப் பாருங்கள். மத்தியான வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்றுதான் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. முப்பது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், சராசரி ஒரு மீட்டர் ஆழம் என்று சின்னதாகவே வைத்தாலும் நாலரை லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் முப்பத்தெட்டு லோடு. ஒரு தடவை நிரப்பினால் வடிகட்டி வடிகட்டி அதையேதான் சுற்றி விடுவோம் என்கிறார் கூட்டாளி, சரிதான். ஆனால் சித்திரை வெயிலில் நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தாலே மூவாயிரம் லிட்டருக்கு மேல் போய்விடும், குதித்துக் கும்மாளம் போட்டு வெளியே தெறிப்பது தனி. குடிக்கிற தண்ணீருக்கு என்று தனியாக ஊருணி வெட்டி, கல் படி கட்டிப் பாதுகாத்த பூமி இது. முற்றத்தில் விழுந்த மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்த வீடுகள் இவை. இங்கே கோடையில் லாரி லாரியாகக் கொண்டுவந்து குளத்தில் விட்டால் ஊர் சும்மா இருக்குமா? அதையும் விடுங்கள். கோயிலுக்கு வந்த வேனில் மாற்றுத்துணி யார் வைத்திருக்கிறார்கள்? தண்ணீரில் ஆடவே போகிறவர்கள் துண்டும் நைலான் துணியும் எடுத்துக்கொண்டு மதுரை பரவையில் இருக்கிற அதிசயம் பார்க்குக்குப் போய்விடுவார்கள். குளம் வேண்டாம்.

ரோலர் கோஸ்டர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தாம்ப்சன் என்பவர் ஓட்டிய கோஸ்டர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது, அதற்கே கூட்டம் அலைமோதியது. நம் பட்ஜெட்டில் கிடைப்பதும் அதைவிடக் கொஞ்சம் வேகமான, பாம்பு மாதிரி வளைந்து ஓடுகிற குட்டி ரயில்தான். கொச்சி, பெங்களூரு வொண்டர்லா பார்த்துவிட்டு வந்த பையன் இதைப் பார்த்தால் சிரிப்பான். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அவர்களுக்குக் குடை ராட்டினமே போதும்.

நிஜமான போட்டி கொலம்பஸுக்கும் ஜெயண்ட் வீலுக்கும், ஒன்றையொன்று இடித்து விளையாடுகிற டாஷிங் காருக்கும்தான்.

கொலம்பஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரோட்டில் போகிற வேனை உள்ளே இழுக்கிற சக்தி அதற்கு உண்டு, அந்த அலறல் ஒன்றே விளம்பரம். ஒரு பொருட்காட்சியில் அதன் அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன், லாரி டயர் மாதிரி ஒரு ரப்பர் சக்கரம், கப்பல் கீழே வந்து தன்னைக் கடக்கும்போதெல்லாம் அதன் அடிவயிற்றில் உரசி உரசித் தள்ளுகிறது, கிட்டே நின்றால் சூடான ரப்பர் வாடை வரும். ஊஞ்சலை ஆட்டிவிடுவது போலத்தான், சரியான நேரத்தில் ஒரு தள்ளு. நடு வரிசையில் உட்கார்ந்தால் தொட்டில், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உச்சிக்குப் போய்த் திரும்புகிற அந்த ஒரு நொடியில் வயிறு தனியாக மேலே நிற்கும். ஒரே டிக்கெட்டில் பயந்தவனுக்கும் வீராப்பானவனுக்கும் இடம் இருக்கிறது, இது பெரிய பலம். நாற்பது சீட் என்றால் ஏற்றி இறக்க மூன்று நிமிஷம், ஆட்ட மூன்று நிமிஷம், மணிக்கு நானூறு பேர்.

இடிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, வயிறு. மெஸ்ஸில் வாழை இலை போட்டு கோழி வறுவல், நண்டு, காடை என்று ஒரு கை பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வருகிறவர்களைக் கொலம்பஸில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பொருட்காட்சியிலேயே ஆப்பரேட்டர் காலடியில் ஒரு வாளி மணல் இருந்தது, தீப்பிடித்தால் போடவா என்று அப்பாவியாகக் கேட்டேன், அவர் சிரித்தார். இரண்டாவது, செவ்வாய்க்கிழமை. எட்டுப் பேருக்காக நாற்பது சீட் கப்பலை ஆட்ட மனசு வராது, "ஆள் சேரட்டும்" என்று வெயிலில் உட்காரவைப்பார்கள், சேர்வதற்குள் முதலில் ஏறியவன் இறங்கிப் போயிருப்பான். மணிக்கு நானூறு என்பது திருவிழாக் கணக்கு, வட்டி மட்டும் வாரத்தில் ஏழு நாளும் ஓடும். (ஒருவேளை வாங்கினால் கடற்கொள்ளைக்காரன் படமும் மண்டை ஓடும் வரையாமல் 'ரங்கூன் கப்பல்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் ஏறாத கப்பலா?)

ஜெயண்ட் வீல் எனக்குச் சொந்த ஆசை. இந்தச் சமதரையில் அறுபது எழுபது அடி உயரம் போனாலே குன்றக்குடி மலையும், பனைகளும், ஓட்டுக் கூரைகளும், சாயங்காலச் செம்மண் ரோடும் விரிந்துவிடும். அப்பத்தாகூட ஏறுவார். ஆனால் மத்தியானம் அந்தத் தொட்டிலின் தகரம் தொட்டால் சுடும், ஆடிக்காற்றில் நிறுத்திவைக்க வேண்டும். ஏற்றி இறக்குவதுதான் பெரிய தொல்லை. 1893-இல் சிகாகோவில் ஃபெர்ரிஸ் நிறுத்திய முதல் ராட்சதச் சக்கரத்தில் 36 பெட்டிகள், பெட்டிக்கு அறுபது பேர், அதற்கு அவர் ஒரே நேரத்தில் ஆறு பெட்டிகளில் ஆள் ஏற்றுகிற மாதிரி மேடைகள் வைத்திருந்தார். நம்மிடம் இருக்கப்போவது ஒரே மேடை. பதினாறு தொட்டில், தொட்டிலுக்கு அரை நிமிஷம் என்றால் ஏற்றவே எட்டு நிமிஷம். முதலில் ஏறியவர் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

டாஷிங் கார் பார்ப்பதற்குக் கவர்ச்சி இல்லை, ரோட்டிலிருந்து தெரியவும் தெரியாது. மணிக்கு இருநூறு பேர் ஏறினாலே அதிகம். ஆனால் அது கூரைக்குள் ஓடுகிறது. வெயில், ஐப்பசி மழை எதுவானாலும் ஓடும், சாப்பிட்டு வந்த வயிற்றையும் பெரிதாகப் புரட்டாது. நாலு பேர் வந்தாலும் நாலு காரை விடலாம், ஒரு கார் மக்கர் பண்ணினால் ஓரம் கட்டிவிட்டு மற்றதை ஓட்டலாம். கொலம்பஸில் பேரிங் போனால் அன்றைக்குக் கடை சாத்த வேண்டியதுதான். இதற்கெல்லாம் மேலே, இது வேடிக்கை பார்க்கிறவர்களின் ஆட்டம். மருமகன் மாமனாரை இடிப்பார், மாமனார் ஸ்டியரிங்கைத் திருப்பத் தெரியாமல் மூலையில் மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றுவார், கம்பிக்கு வெளியே நிழலில் நிற்கிற அப்பத்தா "இடிடா அவனை" என்று கத்துவார். பையைக் காக்கிறவருக்கும் காசு கொடுக்காமல் சினிமா. துப்பட்டாவையும் முடியையும் கட்டச் சொல்ல, நேருக்கு நேர் மோதுகிற பசங்களை அதட்ட ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் ஓட்டு டாஷிங் காருக்கு. அது இரண்டு கோடைக்காலம் ஓடிக் கடன் குறைந்ததும் வீல். கொலம்பஸ் வேண்டுமென்றால் திருவிழா சமயம் பொருட்காட்சிக்காரர்களிடம் ஒரு மாசத்துக்கு வாடகைக்கு எடுக்கட்டும், வாளி மணல் நான் தருகிறேன்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொட்டகைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிச்சா எப்படி இருக்கும்?" என்றார். மேலே வலையிலிருந்து கம்பி வழியாக இறங்குகிற கரண்டு தரை வழியாகத்தான் திரும்பிப் போகிறது, அங்கே இரும்புத் தகடுதான் போட முடியும், கல் போட்டால் கார் நகராது என்றேன். "அப்போ சுத்தி நிக்கிறவங்க கால்ல படுற இடத்துல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கல்லுக்கு விலை கேட்க போனை எடுத்தார்.